காதாக இருந்த போன்

எனக்குக் காது போனது நாற்பத்திரண்டாவது வயதில். ஒரு காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போனது. டாக்டர்கள் காரணத்தை எழுதிக் காட்டினார்கள். காரணம் தெரிந்து என்ன செய்வது? காதில் மிஷின் வைத்துப் பார்த்தேன். மாவு மில்லுக்குள் தலையை விட்டதுபோல் இரைச்சல் வந்ததே தவிர அதில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

பேச்சு எனக்கு உண்டு. நான் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கும். சில சமயம் தேவைக்கு மேலேயே கேட்கும், ஏனென்றால் என் சத்தத்தின் அளவு எனக்குத் தெரியாது. அவர்கள் பேசுவதுதான் என்னிடம் வந்து சேராது. கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. கோப்புகளுக்கு வாய் கிடையாது என்பதால் அங்கே ஒருவாறு சமாளித்தேன். வீட்டில்தான் தவித்துப்போனேன்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பிள்ளைகள் இல்லை. என் மனைவி வெள்ளிமலையில் எங்கள் திருச்சபை நடத்துகிற தையல் பயிற்சி மையத்தில் மலைப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். காலையில் மலை பஸ் ஏறினால் சாயந்திரம்தான் இறங்குவாள். அந்த பஸ்ஸில் என்னென்ன ஏறும் என்று கணக்கே கிடையாது. மரவள்ளி மூட்டை, கடுக்காய் மூட்டை, கோழி, ஆடு, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போகிறவள், சமாதானமாகித் திரும்புகிறவள். எல்லாவற்றையும் என் மனைவி வீட்டுக்குக் கொண்டுவருவாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கிறாயா சினிமாவுக்கு எடுக்கிறாயா என்று நான் கேலி செய்வேன். காது போன பிறகு அவள் உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எப்போதும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவள். முதுகைப் பார்த்து என்ன படிக்க முடியும்?

இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு சபையில் ஒரு பெண் என் போனை வாங்கி அதில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். யார் பேசினாலும் அதைக் கேட்டு, பேசப் பேச தமிழில் எழுதிக் காட்டும். அன்று சாயந்திரம் உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பேசு என்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனைச் சந்தேகமாகப் பார்த்து, “இன்னா பேசறது?” என்றாள். திரையில் ‘என்ன பேசுவது’ என்று வந்தது. நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். வெங்காயம் என்று சாக்குச் சொன்னாள், அதையும் திரை எழுதியது.

எங்கள் பக்கத்துப் பேச்சு அந்தச் செயலிக்குச் சரியாக வராது. ‘வூட்டுக்கு வந்துக்கினு இருந்தேன்’ என்று அவள் சொன்னால் ‘வீட்டுக்கு வந்துகொண்டு இருந்தேன்’ என்று இஸ்திரி போட்டுத் தரும். நான் அதை மறுபடி கசக்கி, ஞாபகத்தில் இருக்கிற அவள் குரலில் போட்டுப் படித்துக்கொள்வேன். அவள் பேச்சாகவும் மற்றவர்கள் பேச்சாகவும் நான் இங்கே எழுதுவதெல்லாம் அப்படிக் கசக்கியதுதான்.

“ஆட்டுக்கு லக்கேஜ் போடுன்னாரு கண்டக்டரு,” என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். “அந்தாளு ஆட்டுக்குட்டியத் தூக்கி மடியில வச்சிக்கினு, கைக்கொழந்தைக்கு டிக்கெட்டு கெடையாதில்ல, இது பொறந்து ரெண்டு மாசம்தான் ஆவுதுன்றாரு. பஸ்ஸே சிரிச்சிது. கண்டக்டரு இன்னா பண்ணுவாரு, ஆட்டோட தாடையத் தடவி வுட்டுட்டுப் போயிட்டாரு.” நான் படித்து முடிப்பதற்கும் அவள் திரும்பி என் முகத்தைப் பார்ப்பதற்கும் சரியாக இருக்கும். நான் சிரித்தால் அவளுக்குப் போதும். எங்கள் குடும்ப வாழ்க்கை என்று ஒன்று உண்டென்றால் அது அந்தச் சாயந்திரங்கள்தான்.

யாரும் பேசாத நேரத்தில் அந்தச் செயலி மற்றச் சத்தங்களையும் சொல்லும். குக்கர் விசில், ஹாரன், குழந்தை என்று எழுதும். நாங்கள் குடியிருப்பது கருணாபுரத்துக்கு இரண்டு தெரு தள்ளி. விஷச் சாராயச் சாவு நடந்த அந்த வாரம், ஜன்னலோரம் இருந்த போனில் அழுகை, அழுகை என்று ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஊர் அழுததை நான் படித்தேன். அந்த வாரம் அவள் பஸ் கதை எதுவும் சொல்லவில்லை. எந்த வீட்டில் யார் என்று மட்டும் சொன்னாள், நான் படித்துவிட்டுத் திரையை அணைத்தேன்.

போனுக்கு முதலில் வந்தது உடம்புக் கோளாறு. பேட்டரி உப்பிக்கொண்டது. முன்பெல்லாம் பின்மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கைக்கு வந்துவிடும். இப்போது எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிறவர் சூடு காட்டித் திறந்ததில் பின்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டது. கம்பெனி பேட்டரி வெளியே தருவதில்லை என்று எழுதிக் காட்டி, வேறு எதையோ வாங்கிவந்து போட்டார். செலோடேப் சுற்றிக்கொண்டு போன் ஓடியது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நானும் அரைகுறையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மழை ஆரம்பித்த சமயம், ஒரு சாயந்திரம் செயலியைத் திறந்தால் எழுத்து வரவில்லை. ‘இந்தப் பதிப்பு இனி இயங்காது, புதுப்பிக்கவும்’ என்று வந்தது. புதுப்பிக்கப் போனால், ‘உங்கள் சாதனத்துக்கு இது பொருந்தாது’ என்று வந்தது. இந்த இரண்டு வாசகங்களுக்கும் நடுவில் நான் மாறி மாறி விரலால் குத்திக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு அது தெரியாது. அடுப்பைப் பார்த்தபடி பாதிக் கதைக்கு வந்துவிட்டாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை. அந்தக் கதை என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் ரிப்பேர்க் கடைக்குப் போனேன். அவர் போனை அரைமணி நேரம் நோண்டிவிட்டு, திரையில் ஒட்டுகிற கண்ணாடி வந்த அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினார். “போன் நல்லா கீது சார். உள்ள இருக்கற சாஃப்ட்வேர் பழசு. புதுசு கம்பெனிதான் அனுப்பணும். அனுப்பறத நிறுத்திட்டான்.” வேறு யாராவது செய்த சாஃப்ட்வேரை ஏற்ற முடியாதா என்று கேட்டேன். “லாக் போட்டு வச்சிக்கிறான்” என்று எழுதினார். நான் காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்குச் சாவி கட்டியவனிடமே இருக்கிறது, கூரை ஒழுகினால் அவன் வரமாட்டான், நானும் ஏறக்கூடாது. கடையிலேயே இதைச் சத்தமாகச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டர் சேலத்தில் இருந்தது. லீவு போட்டுவிட்டு, சின்னசேலம் வழியாக பஸ்ஸில் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன். என் முறை வந்ததும் எனக்குக் காது கேட்காது என்று சொன்னேன். அந்தப் பெண் நல்ல பெண். கம்ப்யூட்டரில் டைப் அடித்து, திரையை என் பக்கம் திருப்பினாள். ‘உங்கள் போனில் எந்தப் பழுதும் இல்லை சார்.’ பழுது இல்லாததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, ‘புது மாடலுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கிறது’ என்று அடித்தாள். அவளைத் திட்டி என்ன பயன்? அவளுக்கு அனுப்பிய வரிகளை அவள் எனக்குக் காட்டுகிறாள்.

கம்பெனிக்கு மெயில் எழுதினேன். எனக்குக் காது கேட்காததையும் இந்தப் போன் எனக்கு எதற்கு வேண்டும் என்பதையும் விவரமாக எழுதினேன். என் மாடலுக்கு ஒரு புதுப்பிப்பு கொடுப்பது பரிசீலனையில் இருப்பதாகவும், போனை இணைப்பிலேயே வைத்திருக்கும்படியும் பதில் வந்தது. நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு வசதி இல்லை. அந்த வருஷம்தான் என் மனைவியின் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனது, புதுப் போனைப் பற்றி நினைக்கவே முடியாது. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போனில் ‘புதுப்பிப்பைச் சரிபார்’ என்ற இடத்தை அமுக்குவேன். ஒரு வட்டம் சுற்றும். ‘உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்று சொல்லும். தினமும் இதைத்தான் சொன்னது. வெறுப்பில் ஒரு நாள் போனை மெத்தைமேல் வீசினேன். தரையில் வீச மனசு வரவில்லை.

இதற்கிடையில் வீட்டில் நாங்கள் எழுதிப் பேச ஆரம்பித்தோம். தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாள்களின் பின்பக்கம் காலியாக இருக்கும். அவள் அதில் எழுதுவாள், நான் வாயால் பதில் சொல்வேன். முதல் சில நாள் ஆசையாகத்தான் எழுதினாள். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றதையும், எல்லோரும் இறங்கி நடந்ததையும் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். பகல் முழுவதும் கத்தரிக்கோல் பிடித்த கை அது. எழுதி முடித்துவிட்டு விரல்களை உதறிக்கொண்டாள். நான் படித்தேன். விஷயம் எல்லாம் இருந்தது, சிரிப்பு மட்டும் வரவில்லை. பேச்சில் அவள் கண்டக்டராக மாறுவாள், ஆட்டுக்காரராக மாறுவாள். பேனாவைப் பிடித்தால் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை எழுதுகிற பெண்ணாக மாறிவிடுவாள். அது அவளுக்கும் தெரிந்தது.

பிறகு வரிகள் குறைந்தன. ‘பஸ் லேட்டு.’ ‘நாளைக்கு கரண்டு இருக்காது.’ ‘அம்மாவுக்கு மாத்திரை தீந்துடுச்சி.’ அவள் முகத்தைப் பார்த்தால் பஸ்ஸில் என்னவோ நடந்திருக்கிறது என்று தெரியும். என்ன என்று கேட்பேன். கையில் மாவு இருக்கும், அல்லது ஈரம் இருக்கும். துடைத்துக்கொண்டு வந்து எழுதுவாள், ‘அப்புறம் சொல்றேன்.’ அந்த மழைக்காலம் முழுக்க எனக்குக் கிடைத்தது அப்புறம் சொல்றேன் என்கிற தாள்தான். ஒரு கட்டத்தில் அதையும் எழுதுவதை விட்டுவிட்டாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வக்கீல் இருக்கிறார். நுகர்வோர் வழக்குகள் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரைப் பிடித்தேன். முதல் கேள்வியாக பில்லைக் கேட்டார். பில் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். என் மனைவி எதையும் தொலைக்கிறவள் இல்லை. ஞானஸ்நான சர்ட்டிபிகேட், சாதிச் சான்று, என் மருத்துவச் சான்று எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறாள். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். கடையில் மிஷினிலிருந்து சுருண்டு வருகிற அந்த வழவழப்பான தாளுக்குச் சூடு ஆகாதாம். லேமினேஷன் சூட்டில் முழுசும் கறுத்துவிட்டிருந்தது. ஓர் எழுத்தும் இல்லாத கறுப்பு அட்டையை, பிளாஸ்டிக் உறைக்குள் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறோம். வக்கீல் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் தன் போனை எடுத்தார். அது புதுசு. அதில் அந்தச் செயலி ஓடியது. அவர் பேசப் பேச நான் படித்தேன்.

“பில்லு போனதால ஒண்ணும் கெட்டுடலைங்க. பில்லு இருந்தாலும் கேஸ் நிக்காது. வாரண்டி ஒரு வருஷம், அது எப்பவோ முடிஞ்சிது. குறைபாடுள்ள பொருள்னு போடலாம்னா, போனு நல்லாத்தான கீது? எத்தன வருஷம் அப்டேட்டு தருவேன்னு பாக்ஸ்ல எழுதியிருந்தானா?”

இல்லை என்றேன்.

“எழுதிட்டு தரலைன்னா புடிக்கலாம். எழுதவே இல்லைன்னா எதைப் புடிக்கிறது?”

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எப்போதுவரை தின்னலாம் என்று அச்சடித்திருக்கிறது. அச்சடிக்காவிட்டால் தண்டனை. என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிய போனில் அது எப்போதுவரை என் பேச்சைக் கேட்கும் என்று அச்சடிக்க யாருக்கும் கடமை இல்லை. ஐரோப்பாவில் சட்டம் வந்துவிட்டது என்று பேப்பரில் படித்தேன். விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கொடுக்கவேண்டும், ஏழு வருஷம் பாகங்கள் கிடைக்கும்படி செய்யவேண்டும், ரிப்பேருக்கு எவ்வளவு எளிது என்பதைப் பெட்டியிலேயே போடவேண்டும். அதே கம்பெனிகள் அங்கேயும் விற்கின்றன. அங்கே முடிகிறது. இங்கேயும் ரிப்பேருக்கு மதிப்பெண் போடுவதுபற்றி ஒரு குழு யோசனை சொல்லியிருப்பதாக அதே பேப்பரில் கீழே சின்னதாகப் போட்டிருந்தது. என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். காலண்டர் தாளை எடுத்து, ‘நமக்கு எப்போ?’ என்று எழுதினாள். அந்த வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தாளைப் பேப்பரோடு சேர்த்து மடித்து வைத்தேன்.

கடைசியில் கம்பெனியிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது. என் மாடலுக்கான மென்பொருள் ஆதரவுக் காலம் நிறைவடைந்துவிட்டதாம். இத்தனை காலம் தங்களோடு இருந்ததற்கு நன்றியாம். பரிசீலனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காத்திருந்த மாதங்களைப் பற்றியும் இல்லை.

அந்தச் சமயத்தில் என் மனைவி சாயந்திரங்களில் கொல்லைப்பக்கம் போக ஆரம்பித்திருந்தாள். அவளிடம் இருப்பது பட்டன் போன். மலையில் அதற்குத்தான் சிக்னல் கிடைக்கிறது என்று அதை விடமாட்டாள். துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துகொண்டு, சின்னசேலத்தில் இருக்கிற தன் தங்கையோடு அதில் பேசுவாள். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒரு கை ஆடும், தலை ஆடும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். கதை நடக்கிறது என்று தெரியும். யாருக்காவது சொல்கிறாளே என்று நிம்மதியாக இருந்தது. வயிறு எரியவும் செய்தது. இரண்டும் உண்மை.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் புதுப் போன் வாங்கப் போனேன். இதற்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று கேட்டேன். கடைப்பெண் கேமராவைத் திறந்து என்னையே போட்டோ எடுத்துக் காட்டினாள். மறுபடி கேட்டேன். மேனேஜர் வந்து, தன் போனில் ‘நாலு வருஷம் வரும் சார்’ என்று அடித்துக் காட்டினார். எழுதிக் கொடுங்கள் என்றேன். ‘அதெல்லாம் எழுதித் தரமாட்டாங்க சார்’ என்று அடித்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து செயலியை ஏற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்து, “நல்லா வருதுங்க” என்றாள். எழுத்து நன்றாகத்தான் வந்தது. பழையதைவிட வேகம். பஸ்ஸில் என்ன விசேஷம் என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லைங்க. எப்பவும் போலதான்.” மறுநாளும் கேட்டேன். “இன்னா விசேசம் இருக்கப் போவுது.” அவள் வேண்டுமென்று செய்யவில்லை. என்னிடம் பேசுவதென்றால் ஒரு தாளின் பின்பக்கத்தில் அடங்கவேண்டும் என்று அவளுக்குப் பழகிவிட்டது. தாள் போன பிறகும் அளவு போகவில்லை. சோறு எடுத்து வைக்கட்டுமா, மோட்டார் போட்டாச்சா, அம்மாவுக்குப் பணம் அனுப்பணும். திரை எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதியது.

ஒரு சாயந்திரம் அவள் கொல்லைப்பக்கம் போனாள். புதுப் போன் ஜன்னல் விளிம்பில் சார்ஜில் இருந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். திரையில் எழுத்து ஓடத் தொடங்கியது.

“அந்தம்மா பையி அவுந்துடுச்சிடி. கோழிங்கல்லாம் சீட்டுக்கு அடியில ஓடிக்கினு கீது. ஒண்ணு நேராப் போயி ஸ்டீரிங்கு மேல குந்திக்கிச்சி. டிரைவரு வண்டிய ஓரங்கட்டிட்டு ஆரன் அடிக்கிறாரு, எறங்க மாட்டேங்குது. கண்டக்டரு பின்னால இருந்து சொல்றாரு, அதுகிட்ட லைசென்ஸ் கீதான்னு கேளுப்பா, இருந்தா அதையே ஓட்டச் சொல்லு…”

நான் சிரித்துவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. சத்தமாகத்தான் சிரித்திருக்க வேண்டும். அவள் சட்டென்று திரும்பினாள். ஜன்னலில் என்னைப் பார்த்தாள், விளிம்பில் இருந்த போனைப் பார்த்தாள். நான் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றேன். மிச்சத்தை என்னைப் பார்த்துச் சொல்வாள் என்று நினைத்தேன். கோழி எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

திரையில் ஒரு வரி வந்தது.

“இருடி, அவரு கேக்கறாரு போல கீது.”

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். புடவை மாற்றும்போது வேற்றாள் உள்ளே வந்துவிட்டதுபோல் ஒரு கூச்சம்தான் இருந்தது. காதிலிருந்து போனை எடுக்காமலேயே கல்லைவிட்டு எழுந்தாள். முருங்கை மரத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியின் அந்தப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அங்கே அவள் கை மறுபடி ஆடத் தொடங்கியது.

திரையில் எழுத்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, ‘தண்ணீர் ஓடுகிறது’ என்று வந்தது. அரிசிப் பாத்திரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடினேன்.

இந்தப் போனுக்கு நாலு வருஷம் அப்டேட் வரும் என்று கடையில் சொன்னார்கள். வரட்டும். சோறு எடுத்து வைக்கட்டுமா என்று அவள் கேட்டால் நாலு வருஷமும் அது எனக்கு எழுதிக் காட்டும்.